சோடியம் பெராக்சைடும் தண்ணீரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் டூ படிக்கும் என் மகளிடம் வேதியியல் கைடு இரண்டு இருக்கிறது. சோடியம் பெராக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும் என்கிறது ஒன்று. ஆக்சிஜன் என்கிறது மற்றொன்று. எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் சரிதான். கேள்வியில் ‘குளிர்ந்த நீர்’ என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், மார்க் அதில்தான் இருக்கிறது. இருந்தால் விடை ஹைட்ரஜன் பெராக்சைடு, இல்லாவிட்டால் ஆக்சிஜன்.

பெராக்சைடு அயனியில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஜோடியாகப் பிணைந்திருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த ஜோடி பிரியாமலே இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிடும். கூடவே சோடியம் ஹைட்ராக்சைடும் உண்டாகும். முதல் கைடு இங்கே நின்றுவிட்டது. ஆனால் இந்த வினை நல்ல சூட்டைக் கிளப்பும், கரைசலோ கடும் காரம். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு தாங்காது. நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துவிடும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிர் மஞ்சள் பொடியைத் தண்ணீரில் போட்டால் புசுபுசுவென்று நுரைக்கும்; தணல் குச்சியைக் காட்டினால் குப்பென்று பற்றும். நுரை அடங்கியபின் மாங்கனீஸ் டையாக்சைடு ஒரு சிட்டிகை போடுங்கள், மறுபடி நுரைக்கும். உடையாமல் மிச்சமிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடுதான் அது. வீட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம்: பஞ்சில் இந்தப் பொடியைத் தூவி ஒரு சொட்டு நீர் விட்டாலே தீப்பிடித்துவிடும்.

உடையாமல் முழுசாகப் பிடிக்கும் வழியை 1818-இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் தெனார் கண்டார். அவர் எடுத்தது பேரியம் பெராக்சைடு. அதை அமிலத்தில் கரைத்தார், சுற்றிலும் பனிக்கட்டி வைத்தார். அமிலம் காரத்தைத் தீர்த்துவிட்டது, பனி சூட்டைத் தணித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு உலகுக்கு முதலில் கிடைத்தது அப்படித்தான். கந்தக அமிலம் சேர்த்தால் பேரியம் சல்பேட்டாகப் படிந்துவிடும், வடிகட்டிவிடலாம்.

எல்லாப் பெராக்சைடும் இப்படிச் சீறாது. கால்சியம் பெராக்சைடு தண்ணீரில் கரைவதே அரிது, அதனால் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஜப்பானில் நாற்று நடாமல் நேரடியாக விதைப்பதற்கு நெல் விதைமேல் இதைப் பூசுவதுண்டு. தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று போகாது. அங்கே புதைந்த விதை முளைவிடும்வரை இந்தப் பூச்சு ஆக்சிஜன் தரும்.