பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: மலையூர் வாசகர்களின் கேள்விகள்

ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. லினக்ஸை நம்பி இறங்கலாமா? (குன்னூர்)

தாராளமாக இறங்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும். அதை 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற நிரல் மூலம் எழுதி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழிப்பது, மூன்றும் சரியென்றால் மேலே போகலாம். பிராட்காம் வைஃபை கார்டு சில சமயம் முதலில் முரண்டு பிடிக்கும். போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரில் அதற்குரிய டிரைவரை ஏற்றுங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு.

வேலரன்ட், ஜிடிஏ 5 ஓடுமா? (கூடலூர்)

வேலரன்ட் ஓடாது. ஆட்டத்தில் மோசடியைத் தடுக்கும் அதன் வேன்கார்டு காவல் நிரல், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்காருவது. ஸ்டீமின் புரோட்டான், விண்டோஸ் விளையாட்டு கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருமே தவிர, விண்டோஸ் கெர்னலைக் கொண்டுவராது. விர்ச்சுவல் மெஷினில் (லினக்ஸுக்குள்ளேயே ஓடும் போலிக் கணினியில்) விண்டோஸை ஏற்றி ஏமாற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஜிடிஏ 5 கதைப் பகுதி நன்றாக ஓடும். 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற காவல் நிரலைச் சேர்த்த பிறகு லினக்ஸில் ஆன்லைன் பகுதி போயிற்று. இத்தனைக்கும் பேட்டில்ஐ, அதே வகையான ஈசி ஆன்ட்டி-சீட் இரண்டுக்கும் 2021 முதலே புரோட்டான் ஆதரவு உண்டு. அனுமதிக்க வேண்டியது விளையாட்டை வெளியிடுபவர். ஈசி ஆன்ட்டி-சீட்டைக் கையில் வைத்திருக்கும் எபிக்கே தன் ஃபோர்ட்நைட்டை லினக்ஸில் விடவில்லை! தனியாள் விளையாட்டுகளில் லினக்ஸ் ஏறக்குறைய ஜெயித்துவிட்டது; போட்டி ஆட்டங்களில் பூட்டு வெளியீட்டாளர்கள் கையில்தான். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 நேரடியாகவே ஓடும்.

விண்டோஸின் டி டிரைவில் இருக்கும் விளையாட்டுகளையே லினக்ஸிலும் பயன்படுத்தலாமா? மறுபடி 60 ஜிபி இறக்க எங்கள் லைன் தாங்காது. (கோத்தகிரி)

வேண்டாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விரைவாகத் தொடங்கும் வசதி) போட்டிருந்தால் அந்த டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கும். ஸ்டீம் ‘டிஸ்க் ரைட் எரர்’ என்று நிற்கும். அந்த வசதியை அணைத்தாலும், விண்டோஸ் டிரைவின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் புரோட்டான் கோப்புகள் அடிக்கடி சிக்கலாகும். லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் புது ஸ்டீம் லைப்ரரி வையுங்கள். வீட்டில் இன்னொரு கணினியில் அதே விளையாட்டு இருந்தால், இரண்டிலும் ஸ்டீம் செட்டிங்ஸின் டவுன்லோட்ஸ் பகுதியில் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை இயக்குங்கள். ரவுட்டர் வழியாகவே நகலாகும், டேட்டா செலவு சொற்பம். லினக்ஸ் பதிப்பும் உள்ள விளையாட்டென்றால் முதலில் புராப்பர்ட்டீஸில் புரோட்டானைக் கட்டாயமாக்குங்கள். இல்லையேல் கோப்புகள் பொருந்தாமல் இணையத்திலிருந்தே இறங்கும்.

தமிழ்99 விசைப்பலகை, பாமினி எழுத்துரு இரண்டும் லினக்ஸில் கிடைக்குமா? (கொடைக்கானல், டிடிபி கடை)

தமிழில் தட்டச்ச உதவும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99 சேர்த்து, லாக்அவுட் செய்து வாருங்கள். பாமினி எழுத்துருவை இரட்டைச் சொடுக்கில் நிறுவலாம். பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கரின் கோப்புகள்தான் பிழைப்பு என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள்.