ஈஜாபர்டி சர்வருக்கு எந்தத் தரவுத்தளம், எந்த உள்நுழைவு முறை?

நீங்கள் கேட்டது இதுதான்: நிறுவனத்துக்குள் பேசிக்கொள்ள ஈஜாபர்டி என்ற உரையாடல் சர்வர் ஒன்றை நிறுவியிருக்கிறீர்கள், சுமார் 200 பேர் பயன்படுத்தப்போகிறார்கள். கூடவே வருகிற எம்நீசியா தரவுத்தளமே போதுமா, போஸ்ட்கிரெஸ் என்ற தனித் தரவுத்தளத்துக்கு மாற வேண்டுமா? அதற்குப் பிறகு, கடவுச்சொற்களைச் சர்வரிலேயே வைப்பதா, ஊழியர் கணக்குகளின் பொது அடைவாக ஏற்கனவே இருக்கும் எல்டாப்பைக் கேட்கச் சொல்வதா?

போஸ்ட்கிரெஸ் போடுங்கள், எல்டாப்பையும் பயன்படுத்துங்கள் என்பது என் பதில். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையைத் தலைகீழாக்குங்கள். உள்நுழைவை முதலில் முடிவு செய்யுங்கள், சேமிப்பகம் அப்புறம். செய்திகளையும் தொடர்புப் பட்டியலையும் எம்நீசியாவிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு எப்போது வேண்டுமானாலும் பெயர்க்கலாம், அதற்குக் கட்டளையே இருக்கிறது. கடவுச்சொல் எந்த வடிவில் பதிந்திருக்கிறதோ, அதை மாற்றுவது அப்படியல்ல. ஒருமுறை ஹாஷ் செய்துவிட்டால், அதாவது ஒருவழிக் கணக்கால் உருமாற்றிவிட்டால், திரும்ப எடுக்க வழியில்லை. வேறு வடிவம் வேண்டுமென்றால் 200 பேரிடமும் போய்ப் புதுக் கடவுச்சொல் போடச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்எம்பிபி (ஈஜாபர்டி பேசும் செய்தி நெறிமுறை) சர்வர்களில் இன்று கடவுச்சொல்லைச் சரிபார்க்கப் பொதுவாகப் பயன்படுவது ஸ்க்ராம் என்ற முறை. 2010-இல் தரப்படுத்தப்பட்டது. இதில் சர்வர் கடவுச்சொல்லை வைத்திருப்பதே இல்லை. சால்ட் (ஹாஷ் செய்யும்போது சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்), எத்தனை சுற்று ஹாஷ் செய்வது என்ற எண், இரண்டு சாவிகள், இவ்வளவுதான் அதனிடம் இருக்கும். பயனரின் செயலி சால்ட்டையும் சுற்று எண்ணிக்கையையும் கேட்டு வாங்கி, தன் பக்கத்திலேயே கணக்குப் போட்டு, சான்றை மட்டும் அனுப்பும். கடவுச்சொல் கம்பியில் போகாது. தானும் உண்மையான சர்வர்தான் என்பதைச் சர்வரும் பதிலுக்கு நிரூபிக்கும். பயனர் அட்டவணை திருடு போனாலும், அதில் இருப்பதை அப்படியே கொடுத்து யாரும் உள்ளே நுழைய முடியாது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை விட்டுவிட்டுக் கடவுச்சொல்லை வெறும் எழுத்தாகப் பதிந்து வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

உங்கள் சர்வர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸில் ‘யூசர்ஸ்’ அட்டவணையைத் திறந்து ஒரே ஒரு வரிசையை எடுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் சாவி, சால்ட், சுற்று எண்ணிக்கை என்று பத்திகள் இருக்கும். கடவுச்சொல் பத்தியில் 28 எழுத்துகள் கலைந்து கிடந்து கடைசியில் ஒரு சமக் குறி இருந்தால், அது ஷா-1 என்ற ஹாஷ் முறையில் அமைந்த ஸ்க்ராமின் சாவி. 20 பைட்டை பேஸ்64 என்ற எழுத்து வடிவில் எழுதினால் அப்படித்தான் வரும். சுற்று எண்ணிக்கையில் 4096 போன்ற எண் நிற்கும். மாறாக அந்தப் பத்தியில் ஊழியரின் பிள்ளை பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்தால், சுற்று எண்ணிக்கை 0 என்று இருந்தால், எல்லாம் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது என்று பொருள். பேக்கப் கோப்பு யார் கையில் கிடைத்தாலும் அத்தனை கடவுச்சொல்லும் அவர் கையில்.

இதைத் தீர்மானிக்கும் வரி ‘ஆத் பாஸ்வேர்டு ஃபார்மட்’. (கான்ஃபிக் கோப்பில் இந்தச் சொற்கள் இடைவெளிக்குப் பதில் அடிக்கோட்டால் இணைந்திருக்கும், கீழே வரும் மற்றவையும் அப்படியே.) இதற்கு ‘ஸ்க்ராம்’ என்ற மதிப்பைக் கொடுங்கள். எழுதாமல் விட்டால் ‘ப்ளெயின்’ என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், முதல் பயனரைச் சேர்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். ஏற்கனவே வெறும் எழுத்தாகப் பதிந்தவர்கள் இருந்தால் ‘கன்வெர்ட் டு ஸ்க்ராம்’ என்ற ஈஜாபர்டி கட்டளை அவர்களை மாற்றித் தரும். ஆனால் அது ஒருவழிப் பாதை. ஷா-1 வடிவில் பதிந்தவரை ஷா-256 வடிவுக்குக் கொண்டுபோக, அவர் புதிதாகக் கடவுச்சொல் போட்டே ஆக வேண்டும். ஆகவே எந்த ஹாஷ் என்பதையும் இப்போதே யோசியுங்கள். பயனர்கள் வைத்திருக்கும் செயலிகள் எல்லாம் ஷா-256 பேசுமா என்று சோதித்துவிட்டு, பேசுமானால் அதையே எடுங்கள்.

இனி எல்டாப். அதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்க்ராமைக் கைவிடுகிறீர்கள் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். எல்டாப் சர்வரிடம் ‘இவர் இன்னார்தானா’ என்று கேட்க, ஈஜாபர்டி அந்தப் பயனராகவே அங்கே உள்நுழைந்து பார்க்கிறது. அதற்கு முழுக் கடவுச்சொல்லும் கையில் வேண்டும். எனவே பயனரின் செயலி ‘ப்ளெயின்’ முறையில் கடவுச்சொல்லை அனுப்பித்தான் ஆக வேண்டும். டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாத இணைப்பை அடியோடு மறுத்துவிட்டால் இதில் பெரிய ஆபத்து இல்லை. பயனர்கள் இணையும் 5222 போர்ட்டில் டிஎல்எஸ் கட்டாயம் என்ற வரி இருக்க வேண்டும். ஈஜாபர்டிக்கும் எல்டாப்புக்கும் இடையிலான இணைப்பும் அப்படியே குறியாக்கப்பட்டிருக்க வேண்டும், அதாவது 389 போர்ட்டுக்குப் பதில் 636. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள் நெட்வொர்க்தானே என்று விட்டுவிட்டால் எல்லாருடைய கடவுச்சொல்லும் அந்தக் கம்பியில் திறந்தபடி ஓடும்.

இவ்வளவு இருந்தும் உங்களுக்கு எல்டாப்பைச் சொல்வதற்குக் காரணம், வேலையை விட்டுப் போகிறவர்கள். கணக்கை ஓரிடத்தில் மூடினால் எல்லா இடத்திலும் மூடுவது, ஸ்க்ராம் தரும் பாதுகாப்பைவிட உங்கள் நிலையில் பெரிது என்று நினைக்கிறேன். வெளியாட்கள் சேரும் சர்வராக இருந்திருந்தால், எல்டாப் இல்லாத இடமாக இருந்திருந்தால், மறுபேச்சில்லாமல் ஸ்க்ராம் என்றிருப்பேன்.

எல்டாப்பில் ஒரு பொறி இருக்கிறது, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ‘ஆத் மெத்தட்’ வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளைப் பட்டியலாகக் கொடுக்கலாம். அவற்றில் ஏதாவது ஒன்று சரி என்றால் போதும், கதவு திறந்துவிடும். சோதனைக் காலத்தில் எஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில்) கணக்குகள் உண்டாக்கி, பிறகு எல்டாப்பைச் சேர்த்து, பழையதையும் ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று பட்டியலில் விட்டுவைத்தால், எல்டாப்பில் கணக்கு மூடப்பட்டவர் தன் பழைய சோதனைக் கடவுச்சொல்லோடு நிம்மதியாக உள்ளே வருவார். பட்டியலில் எல்டாப் மட்டும் இருக்கட்டும். நிர்வாகிக் கணக்குக்கு மாற்று வழி வேண்டுமென்றால், அதற்கென்று தனி வர்ச்சுவல் ஹோஸ்ட் (அதே சர்வரில் இன்னொரு டொமைன்) வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்டாப்பில் கணக்கை மூடுவதால் ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துவிடாது. ஒருவர் போகும் நாளில் ‘கிக் யூசர்’ கட்டளையையும் கொடுக்க வேண்டும். சரிபார்த்ததைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் உள்நுழைவு கேஷையும் கவனியுங்கள். ஒரு சோதனைக் கணக்கை எல்டாப்பில் மூடிவிட்டு உடனே உள்நுழைந்து பாருங்கள், எவ்வளவு நேரத்துக்குப் பழையது செல்லுபடியாகிறது என்பது தெரிந்துவிடும்.

நிறுவனத்தில் எல்டாப்புக்குப் பதிலாக ஓர் இணையச் செயலியின் பயனர் அட்டவணைதான் இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ‘எக்ஸ்டெர்னல்’ முறை கைகொடுக்கும். ஈஜாபர்டி உங்கள் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, முதலில் இரண்டு பைட் நீளமும், பிறகு ‘ஆத்’ என்ற சொல், பயனர், ஹோஸ்ட், கடவுச்சொல் ஆகியவற்றை முக்காற்புள்ளியால் பிரித்தும் அனுப்பும். கடவுச்சொல்லுக்குள்ளேயே முக்காற்புள்ளி இருக்கலாம். ஆகவே முதல் மூன்று முக்காற்புள்ளிகளில் மட்டும் வெட்டுங்கள், மிச்சம் முழுவதும் கடவுச்சொல். இதைக் கவனிக்காமல் எழுதிய ஸ்கிரிப்டில் ‘சிலருக்கு மட்டும் உள்நுழைய முடியவில்லை’ என்ற புகார் வந்துகொண்டே இருக்கும், காரணம் மட்டும் பிடிபடாது.

சேமிப்பகத்துக்கு வருகிறேன். 200 பேருக்கு எம்நீசியா மெதுவாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வேகத்தில் குறையே இல்லை. என் தயக்கம் உரையாடல் காப்பகத்தைப் பற்றியது. செய்திகளைச் சர்வரிலேயே காத்துவைக்கும் ‘மாம்’ மாட்யூலை இயக்கினால், எம்நீசியாவில் அந்த அட்டவணை வட்டில் டெட்ஸ் என்ற வகைக் கோப்பாக வளரும். டெட்ஸ் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. எல்லையை நெருங்கியதும் ஈஜாபர்டி லாகில் ஒரு பிழையை எழுதிவிட்டு, புதிய செய்திகளைக் காப்பகத்தில் சேர்ப்பதை நிறுத்திவிடும். உரையாடல் வழக்கம்போல் நடந்துகொண்டே இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. பழைய பேச்சைத் தேடும் நாளில்தான் காணவில்லை என்று தெரியவரும். சத்தமில்லாமல் தரவு போவதைவிட மோசமான பழுது ஒரு சர்வரில் வேறு இல்லை.

எம்நீசியா தரவு சர்வரின் நோடு பெயரோடு (இயந்திரத்தின் பெயரும் அதில் அடங்கும்) கட்டுண்டது என்பதும் நினைவிருக்கட்டும். கோப்புகளை அப்படியே வேறு பெயருள்ள இயந்திரத்துக்கு நகலெடுத்தால் திறக்காது, பேக்கப்பில் நோடு பெயரை மாற்றி ஏற்ற வேண்டும். அவசரத்தில் செய்கிற வேலையல்ல அது. போஸ்ட்கிரெஸில் முழுத் தரவையும் நகலெடுக்க ஒரு டம்ப், திரும்ப ஏற்ற ஒரு ரீஸ்டோர், முடிந்தது.

அமைக்கும்போது ஈஜாபர்டிக்கென்று தனிப் பயனரும் தனித் தரவுத்தளமும் உண்டாக்குங்கள், எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8. ஈஜாபர்டியோடு வரும் ஸ்கீமா (அட்டவணைகளின் அமைப்பு) கோப்பில் பழையது, புதியது என இரு வகை உண்டு. புதியதில் ஒவ்வொரு அட்டவணையிலும் ஹோஸ்ட் பெயருக்கு ஒரு பத்தி இருக்கும், அதனால் பல டொமைன்கள் ஒரே தரவுத்தளத்தில் வாழலாம். இன்று ஒரு டொமைன்தான் என்றாலும் புதியதையே எடுங்கள், கான்ஃபிக்கிலும் அதைச் சொல்லுங்கள். ஏற்றிய ஸ்கீமா ஒன்று, கான்ஃபிக்கில் சொன்னது வேறொன்று என்றிருந்தால் லாக் முழுவதும் ‘அந்தப் பத்தி இல்லை’ என்ற பிழையாகவே இருக்கும். பிறகு ‘டிஃபால்ட் டிபி’ வரியில் எஸ்க்யூஎல் என்று எழுதுங்கள். ‘ஆத் மெத்தட்’ தனி வரி. ஒன்றை எழுதினால் மற்றதும் புரிந்துகொள்ளும் என்று விடாமல் இரண்டையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எங்காவது ஒரு மாட்யூலுக்குள் ‘டிபி டைப்’ என்று எம்நீசியா ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் இந்தக் கோப்பில்தான் இருக்கப்போகிறது, எனவே ஈஜாபர்டி பயனரைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்க முடியாதபடி அனுமதியை மாற்றுங்கள்.

இணைப்புகளின் கணக்கும் உண்டு. ஈஜாபர்டி ஒவ்வொரு வர்ச்சுவல் ஹோஸ்டுக்கும் 10 இணைப்புகள் திறக்கும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக மொத்தம் 100 இணைப்புகளை ஏற்கும். உங்களுக்கு இப்போது கவலையில்லை. பத்து ஹோஸ்டுகள் ஆனால் வேறு எதற்கும் இடமிருக்காது.

மைஎஸ்க்யூஎல்தான் கைவசம் இருக்கிறது என்றால் அதுவும் நன்றாகவே ஓடும், எழுத்துக் குறியாக்கம் மட்டும் யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-இல் தமிழ் எழுத்துகளுக்கு ஒரு சிக்கலும் வராது, அவை மூன்று பைட்டில் அடங்கிவிடும். எமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். அதனால் எமோஜி இருக்கும் செய்தி மட்டும் சேமிக்கப்படாமல் தவறும். சோதிக்கிறவர் எமோஜி போடாதவராக இருந்தால் கண்டுபிடிக்கவே மாட்டார்.

ஏற்கனவே எம்நீசியாவில் சிலர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ‘டிஃபால்ட் டிபி’யை மாற்றி மறுதொடக்கம் செய்தவுடன் எல்லாருடைய தொடர்புப் பட்டியலும் காலியாகத் தெரியும். நான் பார்க்கப் போன ஓர் இடத்தில் இப்படி நடந்து, தரவே அழிந்துவிட்டது என்று எல்லாரும் பதறிப்போயிருந்தார்கள். அழியவில்லை, பழைய எம்நீசியா கோப்பிலேயே பத்திரமாக இருந்தது. சர்வர் பார்க்கும் இடம் மட்டும்தான் மாறியிருந்தது. முறையாகச் செய்வதென்றால், பயனர்களை வெளியேற்றிவிட்டு, கான்ஃபிக்கில் வரியை மாற்றி மறுதொடக்கம் செய்தபின் ‘எக்ஸ்போர்ட் டூ எஸ்க்யூஎல்’ கட்டளையை (இதில் மட்டும் அடிக்கோடு இல்லை, ‘டூ’ என்பது 2 என்ற எண்) ஹோஸ்ட் பெயரோடு கொடுங்கள். கிடைக்கும் கோப்பைப் போஸ்ட்கிரெஸில் ஏற்றுங்கள், அதன் பிறகு பயனர்களை உள்ளே விடுங்கள். தொடர்புப் பட்டியல், ஆஃப்லைனில் காத்திருக்கும் செய்திகள், நிரந்தர அறைகள் மூன்றையும் எண்ணிப் பாருங்கள். பப்சப் (பயனர்கள் வெளியிட்டு மற்றவர்கள் பெறுவது) தரவைத் தனியாகச் சரிபாருங்கள், ஓமெமோ குறியாக்கத்தின் சாவிப் பட்டியல்கள் அங்கேதான் இருக்கின்றன. மாறிய பிறகும் எம்நீசியா கோப்புறையை அழிக்காதீர்கள், யார் இப்போது இணைந்திருக்கிறார் என்பது போன்ற சில விஷயங்களுக்கு ஈஜாபர்டி அதைத் தொடர்ந்து பயன்படுத்தும்.

பகிரப்படும் படங்களும் கோப்புகளும் போஸ்ட்கிரெஸுக்குள் போவதில்லை, வட்டில் ஒரு கோப்புறையில் இருக்கும். தரவுத்தள டம்ப் எடுத்தால் அவை அதில் வராது, தனியாகப் பேக்கப் எடுக்க வேண்டும். காப்பகமும் தானாகச் சுருங்காது. எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று நிறுவனத்தில் பேசி முடிவு செய்து, ‘டிலீட் ஓல்ட் மாம் மெசேஜஸ்’ கட்டளையை இரவு வேலையாகப் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் போட்டு முடித்ததும், ஊழியர்களை உள்ளே விடும் முன் நான் செய்யச் சொல்லும் சோதனை இது. இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போஸ்ட்கிரெஸை நிறுத்துங்கள். என்ன அறுகிறது, என்ன அறுவதில்லை, திரும்ப இயக்கியதும் ஈஜாபர்டி தானாக மீண்டும் இணைகிறதா என்று லாகில் பாருங்கள். அடுத்து எல்டாப்பை நிறுத்தி அதே மாதிரி. கடைசியாக, நேற்றைய டம்பையும் பகிர்ந்த கோப்புகளின் பேக்கப்பையும் கான்ஃபிக் கோப்பையும் டிஎல்எஸ் சான்றிதழையும் மட்டும் வைத்துக்கொண்டு வேறோர் இயந்திரத்தில் சர்வரை எழுப்புங்கள். அங்கே உள்நுழைந்து, தொடர்புப் பட்டியலும் நேற்றுப் பேசியதும் வந்தால் திறந்துவிடுங்கள். ஏதாவது தடுக்கினால் லாகில் வரும் பிழையை முழுதாகக் கருத்துப் பகுதியில் ஒட்டுங்கள், கடவுச்சொல் இருக்கும் வரிகளை மட்டும் நீக்கிவிட்டு.