சொந்தப் பணமா, ஊர்ப் பணமா?

கேள்வி: அமெரிக்காவில் ஃபார்ம்வில் ஊர் வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் சொந்தப் பணத்தில் தனிப் பள்ளி நடத்தினார்கள். அவரவர் விருப்பம்தானே, இதில் என்ன தப்பு?

பதில்: சொந்தப் பணமா? கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஃபார்ம்வில் இருப்பது வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி). பள்ளிகளில் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பிரித்து வைக்கக் கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சேர்த்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி 1959இல் வந்ததும் கவுண்டி நிர்வாகம் அரசுப் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்கவில்லை. எல்லாப் பள்ளிக்கும் பூட்டு. உடனே, வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி திறந்தது. முதல் வருஷம் நன்கொடையில் ஓடியது, சரி. அப்புறம்? மாநிலமும் கவுண்டியும் கட்டண மானியம் தந்தன. நன்கொடையாளர்களுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி வேறு. 1961இல் நீதிமன்றம் தடுக்கும்வரை இது நடந்தது. கறுப்பர்கள் கட்டிய வரியும் அந்தக் கஜானாவில்தான் இருந்தது.

அவர்கள் பிள்ளைகளுக்கோ 1964வரை, ஐந்து வருஷம், ஊரில் அரசுப் பள்ளியே இல்லை. சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் படிப்பையே விட்டார்கள். இதை 'அவரவர் விருப்பம்' என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாணவர்கள் போராட்டத்துக்குப் போகக் கூடாது என்று இதே பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நிற்பவர்களுக்கும் ஒரு சேதி. 1954 தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று இந்த ஊர் மாணவர்களுடையது. கறுப்புப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல் தார்க்காகிதக் கொட்டகைகளில் உட்கார வைத்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். குளிரில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு வேர்க்கும், தள்ளி இருந்தவன் கோட்டைக் கழற்ற மாட்டான். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண், தலைமை ஆசிரியரைத் தந்திரமாக வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களை அரங்கில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்தார். அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். வழக்கறிஞர்கள் வந்த பிறகே அது பிரிவினையை எதிர்க்கும் வழக்கானது. பெண்ணுக்கு ஆபத்து என்று பயந்து பெற்றோர் அவரை அலபாமாவில் இருந்த அப்பாவின் சகோதரர் வெர்னான் ஜான்ஸிடம் அனுப்பினார்கள். மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன் அதே சபையில் போதகராக இருந்தவர் அவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி அனுப்புங்கள், பக்கம் பக்கமாக எழுதக் காத்திருக்கிறேன்.

அகாடமி கறுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தது 1986இல். அதுவும் இனப் பாகுபாட்டுக்காக 1978இல் வரிவிலக்கைப் பறிகொடுத்த பிறகு.