சாப்பிட்டதும் பத்து நிமிட நடை

கேள்வி: எனக்கு 26ஆவது வாரம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 168. டாக்டர் நடக்கச் சொல்கிறார். மாமியாரோ, 'வயித்துப் பிள்ளைக்காரி அலையக் கூடாது' என்கிறார். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் பரிசோதனையில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்பதுதான் இங்கே கணக்கு. நடக்காத கர்ப்பிணியைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறார்கள். பல பேருக்குக் காரணம் சோம்பல் இல்லை, இந்தப் பயம்தான்.

அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதா, கர்ப்பப்பை வாயில் பலவீனம் உண்டா, பிரஷர் எப்படி, நடக்கலாமா என்று அவர் எதிரிலேயே கேளுங்கள். சிக்கல் ஏதும் இல்லாத கர்ப்பத்தில் மிதமாக நடப்பதால் கரு கலையாது, குறைப்பிரசவமும் வராது. இதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.

மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பத்து நிமிடம். வாரத்தில் 5 நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். வீட்டுக் கூடமோ மொட்டை மாடியோ போதும். பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக்கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் எழ மனம் வராது. கழுவிய கையோடு செருப்பை மாட்டுங்கள்.

நம்பிக்கை வர ஒரு சோதனை. ஒரு நாள் மூன்று இட்லி, சாம்பார் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மறுநாள் அதே மூன்று இட்லி, பிறகு நடை. இரண்டு நாளும் முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். இலக்கு 120-க்குள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு முட்டுக்கட்டை போடும். வேலை செய்யும் தசையோ இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்த முட்டுக்கட்டை காலையில்தான் பலமாக இருக்கும் என்பதால், ஒரு வேளைதான் முடியும் என்றால் டிபனுக்குப் பின் நடங்கள்.

கேள்வி: தினமும் நடக்கிறேன். வெறும் வயிற்றில் 104-க்குக் கீழே இறங்கவில்லை. மீட்டரைப் பார்த்தாலே அழுகை வருகிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வெறும் வயிற்றுச் சர்க்கரை ராத்திரி உங்கள் கல்லீரல் விடுவது. 95-க்குள் வர நடை மட்டும் போதாமல் போவது சகஜம். மாத்திரையோ இன்சுலினோ வேண்டியிருக்கலாம். அது உங்களுக்கு விழுந்த ஃபெயில் மார்க் இல்லை. இதற்குப் பயந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்துவதுதான் பெரிய தப்பு.

எதிலும் ஈடுபாடு இல்லை, மனசு கனத்தே கிடக்கிறது என்று 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், சர்க்கரை எண்ணைச் சொல்கிற அதே டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். நடக்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: நடக்கலாம், வெறும் வயிற்றில் வேண்டாம். வியர்த்து, கை நடுங்கினால் உட்கார்ந்து மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ரத்தம் பட்டால், நீர் கசிந்தால், வயிறு விட்டுவிட்டு வலித்தால், நெஞ்சு வலித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் நடையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரி.