தனியாக ஆலோசனை நடத்தும் சமூகப்பணியாளர், சக பணியாளர் குழுவில் சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து ஐந்து ஆண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். எட்டு மாதங்களாக மயிலாடுதுறையில் சொந்தமாக ஆலோசனை மையம் நடத்துகிறேன். தஞ்சை வட்டாரத்தில் என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்யும் சமூகப்பணியாளர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். என்னையும் சேரச் சொல்கிறார்கள். இதனால் பயன் உண்டா? என்னிடம் வருபவர்கள் அவர்களிடம் போய்விடுவார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்:

சேருங்கள். ஆனால், சேர்வதற்கு முன் அந்தக் குழுவிடம் கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. அவற்றுள் ஒன்றைக் கேட்காமல் போனதால் நான் செய்த தவறு, என்னை நம்பி வந்த ஒருவரைப் பாதித்தது. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் 2013 முதல் கும்பகோணத்தில் தனியாக ஆலோசனை நடத்துகிறேன். முதல் ஆறு ஆண்டுகள் எந்தக் குழுவும் இல்லாமல் இருந்தேன். 2019 முதல் ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவில் இருக்கிறேன். குழுவின் அருமை எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2004-இல் நான் திருச்சியில் முதுகலை மாணவி. அந்த ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. களப்பணிக்காக நாகப்பட்டினத்து நிவாரண முகாம்களுக்குச் சென்ற எங்களை ஒவ்வோர் இரவும் ஒரு மூத்த பணியாளர் வட்டமாக உட்காரவைத்து, "இன்னிக்கு யார் வீட்டுல ஒனக்கு அழுகை வந்துச்சு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அந்த ஒரு மணி நேரம் இல்லாதிருந்தால் எங்களில் பாதிப்பேர் இரண்டாம் வாரமே ஊர் திரும்பியிருப்போம். அப்படியிருந்தும், சொந்தமாக அறை எடுத்து மேசை நாற்காலி போட்டபோது, அந்த வட்டம் முகாமில் இருப்பவர்களுக்கு மட்டுமே தேவையானது என்று நினைத்துவிட்டேன்.

தனியாக இருப்பதன் முதல் கேடாகச் சோர்வைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய கேடு, நம் கண்ணுக்கு எட்டாத ஒன்றைச் சுட்டிக்காட்ட ஆளில்லாமல் போவதுதான். குழுவில் நான் முதன்முதலாக எடுத்துச் சொன்னது, கல்லூரியை விட்டு நின்றுவிட்ட ஓர் இளைஞனைப் பற்றியது. அவனோடும் அவன் பெற்றோரோடும் ஐந்து முறை உட்கார்ந்து பேசியிருந்தேன். அரை மணி நேரம் நான் விவரித்து முடித்ததும் ஒருவர், "அந்தப் பையனோட அப்பா என்ன வேலை பார்க்குறாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து சந்திப்புகளில் அந்தத் தகப்பனாரிடம் நான் ஒருமுறைகூட அதைக் கேட்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். தகப்பன் பேசிய இடங்களில் எல்லாம் என் குறிப்பு ஒரு வரியில் முடிந்திருந்தது. பிள்ளை பேசியது பக்கம் பக்கமாக இருந்தது. ஆறு ஆண்டுகள் அப்படித்தான் வேலை செய்திருக்கிறேன்.

தொண்டு நிறுவனத்தில் இருந்தவரை உங்களுக்கு மேலே ஒருவர் இருந்திருப்பார். இப்போது யாரும் இல்லை. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் உண்டு, மருத்துவருக்கு மருத்துவ மன்றம் உண்டு. துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்காக 2021-இல் வந்த மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ சமூகப்பணியாளரும் மனநல சமூகப்பணியாளரும் இடம்பெற்றிருக்கிறார்கள் என்றாலும், நம் ஊரில் ஓர் அறையில் அமர்ந்து குடும்பச் சண்டைகளையும் குடிப்பழக்கத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களையும் என்னையும் வந்து பார்த்து, செய்வது சரியா என்று கேட்க இன்று ஒருவரும் இல்லை. அந்த இடத்தைச் சக பணியாளர்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் தம் பெயர்ப்பலகையில் 'மனநல சமூகப்பணியாளர்' என்று எழுதியிருந்தார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயருக்கு முதுகலைப் பட்டத்துக்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பும் வேண்டும் என்று வரையறுத்திருப்பதை எடுத்துச் சொன்னோம். அவர் மறுவாரமே பலகையை மாற்றினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

நாங்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் கூடுகிறோம். எல்லா ஊர்களிலிருந்தும் பேருந்து உண்டு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் இரண்டு பேருடைய அனுபவங்களை மட்டுமே எடுத்துக்கொள்வோம். சொல்பவர் சொல்லி முடித்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். லண்டனில் 1950-களில் மைக்கேல் பாலிண்ட், எனிட் பாலிண்ட் தம்பதியர் பொது மருத்துவர்களை வைத்து நடத்திய கலந்துரையாடல் குழுக்களிலிருந்து வளர்ந்த முறை இது. "நான் அதைச் செய்து பார்த்துவிட்டேன்" என்று இடையில் சொல்ல முடியாது. முதல் சில மாதங்கள் அது மிகவும் கடினம். ஆனால் அந்த மௌனத்தில்தான் நம் கேள்வி நமக்கே வேறு மாதிரிக் கேட்கிறது.

இனி நான் செய்த தவறு. விவரங்களை இங்கேயும் மாற்றித்தான் எழுதுகிறேன். சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மூன்றாவது மகன் என்றேன். கோயில் மண்டகப்படியில் வந்த தகராறு என்றேன். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் எதிரில் இருந்தவரின் முகம் மாறியது. அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தது. பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகும் என்பது பெருநகரத்தில் ஓரளவு பொருந்தலாம். நம் பகுதியில் எந்தக் கோயிலில் யாருக்கு எந்த நாள் மண்டகப்படி, யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான், எந்தக் குடும்பம் யாரோடு சம்பந்தம் செய்தது என்பதெல்லாம் பத்து ஊருக்குத் தெரியும். அந்தக் குடும்பத்திலிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தவரிடம் அடுத்த சந்திப்பில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் அதன்பின் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது, வேலை இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் குழு விதிகளை எழுதியது. தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, சண்டைக்கான காரணம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டையாவது மாற்றிச் சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் கண்டுகொண்டவர் உடனே அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். என்ன பேசப்பட்டது என்று பின்னர் கேட்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதக் கூடாது; கூட்ட நேரம், எந்த மனநல மருத்துவர் எந்த நாளில் இருக்கிறார் என்பது போன்ற தகவல்களோடு அது நின்றுவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆலோசனைக்கு வருபவரிடம் முதல் நாளே, "அடையாளம் தெரியாதபடி சக பணியாளர்களிடம் கலந்து பேசுவது உண்டு, வேண்டாம் என்றால் சொல்லுங்கள், உங்களைப் பற்றிப் பேச மாட்டேன்" என்று சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குகிறோம். வேண்டாம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. உங்களை அழைக்கும் குழுவிடம் முதலில் இவற்றைத்தான் கேளுங்கள். "நாங்க எல்லாரும் நம்பிக்கையான ஆளுங்கதான்" என்று மட்டும் பதில் வந்தால் சேராதீர்கள்.

வருபவர்கள் பிரிந்து போய்விடுவார்களோ என்ற உங்கள் அச்சம் எனக்கும் இருந்தது. நடந்தது வேறு. நம் பகுதியில் மனக்கஷ்டத்தைச் சொல்ல வருபவர், தம் ஊரில் ஆலோசனை மையத்தின் படியேறுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பேருந்து ஏறி அடுத்த ஊருக்குப் போகிறார். கும்பகோணத்துக்காரர் 40 கிலோமீட்டர் கடந்து தஞ்சாவூருக்குப் போவார். மயிலாடுதுறைக்காரர் கும்பகோணத்துக்கு வருவார். உங்கள் தெருக்காரர் உங்களிடம் வரப் போவதில்லை என்பதால், அவரை நீங்கள் இழக்கவும் போவதில்லை. என் மகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை என்னிடம் வந்தபோது, நான் பார்ப்பது முறையல்ல என்று விளக்கி மன்னார்குடியில் இருக்கும் எங்கள் குழு உறுப்பினரிடம் அனுப்பினேன். குழு இல்லாத நாளில் அவரை யாரிடம் அனுப்புவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால், ஆளை அனுப்பியதற்காக ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. கமிஷன் என்ற பேச்சு எழுந்தால், அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணம் பற்றியும் குழுவில் நிறையக் கற்றேன். ஜூன், ஜூலை மாதங்களில் வருபவர்கள் திடீரென்று நின்றுவிடும்போது, என் வேலையில்தான் குறை என்று ஆண்டுதோறும் மனம் உடைந்திருக்கிறேன். திருவாரூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர்தான் அதை விளக்கினார்: ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் கையில் இருக்கும் பணமும் நேரமும் குறுவைக்குப் போய்விடும், தை, மாசியில் சம்பா அறுத்தபின் அவர்களே திரும்பி வருவார்கள். அன்று முதல், விவசாயக் குடும்பங்களிடம் நடவுக்கு முன் இதைப் பேசி, இடைவெளியில் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்கிறேன். கட்டணத்தை அறுவடைக்குப் பிறகு வாங்குகிறேன். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்ட பிறகு, அங்கே தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்த நாங்கள் ஐந்து பேர் ஒருவரையொருவர் கண்டுகொண்டதில்தான் இந்தக் குழுவே தொடங்கியது. மரம் நட்டுக் காய்ப்பு பார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும் ஒருவரிடம் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று சொல்வதன் பொருள் என்ன என்பதை நாங்கள் சேர்ந்துதான் யோசிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, இரவில் தனியாக எடுக்க முடியாத முடிவுகள். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பதை அறிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சட்டம் நமக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாய் நம் காலைப் பிடித்துக்கொண்டு, வெளியே சொன்னால் குடும்பமே போய்விடும் என்று அழும்போது, தெரிந்த சட்டம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அப்படி ஓர் இரவில் எங்களில் ஒருவர் மற்ற இருவரை அழைத்தார். அவர்கள் அவருக்குப் பதிலாக முடிவெடுக்கவில்லை. புகார் கொடுக்கப் போகும்போது தாயிடம் என்ன சொல்ல வேண்டும், குழந்தை அன்றிரவு எங்கே தூங்க வேண்டும், குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ எப்போது அழைப்பது என்று ஒவ்வொன்றாக அவரோடு பேசினார்கள். மறுநாள் ஒருவர் காவல் நிலைய வாசல் வரை கூடப் போனார். தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் பேசும் இரவுகளுக்கும் அதே ஏற்பாடு உண்டு. வருபவருக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணைக் கொடுக்கிறோம். நமக்கு நம் ஆட்களின் எண்கள் வேண்டும்.

குறைகளும் உண்டு. நடுவில் ஓராண்டு எங்கள் கூட்டம், வராதவர்களையும் பணம் தராதவர்களையும் பற்றிப் புலம்பும் இடமாக மாறியது. இருவர் விலகினார்கள், அவர்கள்மேல் தவறில்லை. பதிவு செய்யலாமா என்ற பேச்சும் வந்தது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு ஏழு பேர் போதும் என்பதால் எங்களால் முடியும். ஆனால் தலைவர், செயலாளர் என்று பதவி வந்துவிட்டால், தன் தோல்வியை முதலில் எடுத்துவைப்பவர் வாய் திறக்க மாட்டார் என்று நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். மேலும், சிக்கலான மனநோய் உள்ளவர்களின் விஷயத்தில் சம அனுபவம் உள்ள ஒன்பது பேர் கூடிப் பேசுவது, தேர்ந்த ஒருவரின் மேற்பார்வைக்கு ஈடாகாது. அதற்கு நான் தனியாகப் பணம் கொடுத்து ஒரு மூத்தவரிடம் போகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு வந்து போக உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். அதை வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் எதையும் எடுத்துச் சொல்லாமல் கேளுங்கள். மூத்தவர்கள் தங்கள் வெற்றிகளை மட்டும் சொல்கிறார்களா, தடுமாறிய இடங்களையும் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். மூன்றாவது கூட்டத்துக்குப் போகும்போது, உங்களுக்கு நன்றாக முடிந்த ஒன்றைக் கொண்டுபோகாதீர்கள். இந்த எட்டு மாதத்தில் இரண்டு முறை வந்துவிட்டு நின்றுபோன ஒருவர் இருப்பார், அவரைப் பற்றி, தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றிச் சொல்லுங்கள்.