போதை மாத்திரையில் மயங்கியவருக்கு முதலுதவி: பயிற்சியை யாரிடம் கேட்பது?

கேள்வி: தொண்டி அருகே மீனவ இளைஞர் மன்றம் நடத்துகிறோம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்கள் சிலர் இங்கே உண்டு. மயங்கி விழுந்தால் காப்பாற்றப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்கே அரசு மருந்து தருகிறதாமே, இங்கே கிடைக்குமா?

பதில்: அங்கே 2016-இல் வந்த சட்டப்படி, மயக்கத்தை முறிக்கும் மருந்தான நாலாக்சோன் வாங்கவும் பயிற்சிக்கும் மத்திய அரசு மானியம் தருகிறது. 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். இங்கே அது பெரும்பாலும் ஊசி, டாக்டர் கையில் இருப்பது. ஸ்பிரேக்கு அலையாதீர்கள். மூச்சைக் காப்பாற்றும் பயிற்சியைக் கேளுங்கள்.

டாபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மாத்திரை அளவு மீறினால் மூச்சுதான் முதலில் அடங்கும். கொரகொரவென்று குறட்டை வரும். 'அசந்து தூங்குறான், விடு' என்று வலைக் கொட்டகையிலேயே விட்டுப் போய்விடுவார்கள். பேர் சொல்லிக் கத்துங்கள், நெஞ்செலும்பில் கைவிரல் முட்டிகளால் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லை, உதடு நீலம், கண்பாவை குண்டூசித் தலையளவு என்றால் உடனே 108. மூச்சு திணறினாலோ நின்றாலோ தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, 5 விநாடிக்கொரு முறை வாயில் ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். நாடித்துடிப்பும் இல்லாவிட்டால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதும் முதலுதவி). மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், உப்புத் தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். காலி மாத்திரை அட்டையை ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள்.

டாக்டர் நாலாக்சோன் போட்டு, எழுந்து உட்கார்ந்ததும் 'வீட்டுக்குப் போறேன்' என்பான். விடாதீர்கள். நாலாக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான். மாத்திரை அதையும் தாண்டி நிற்கலாம், மூச்சு மறுபடி அடங்கும்.

சரி, பணம்? போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டத்தில் மத்திய சமூக நீதி அமைச்சகம் மாநிலங்களுக்கு நிதி தருகிறது, பயிற்சியும் அதில் அடக்கம். 'போதையில்லா இந்தியா' இயக்கத்தின் மாவட்டக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். ராமநாதபுரத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர், கடலோரக் காவல் குழுமம், 108 ஊழியர்களையும் சேர்த்துப் பயிற்சி கேட்டால் மனுவுக்கு எடை கூடும். 'விழிப்புணர்வு' என்று மட்டும் எழுதினால் ஒரு பேரணி, ஓர் உறுதிமொழி, நாலு போட்டோவோடு முடித்துவிடுவார்கள். 'பொம்மை வைத்துச் செயற்கைச் சுவாசச் செய்முறைப் பயிற்சி' என்றே எழுதுங்கள். பழக்கத்தை விட நினைக்கும் பையன்களுக்கு உதவி எண் 14446, கட்டணமில்லை.