வெளியூரில் கிரிமினல் வழக்கு: வக்கீலை எப்படித் தேடுவது?

வாசகர் கேள்வி: என் தம்பி வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கிறான். அங்கே நடந்த ஒரு அடிதடியில் நான்கு பேர் மீது எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள், அதில் அவன் பெயரும் இருக்கிறது. ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள், தம்பியை இன்னும் பிடிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த வக்கீல் சொத்து வழக்குகள் மட்டும் நடத்துபவர். மற்ற மூவரின் வீட்டார் "நாலு பேருக்கும் ஒரே வக்கீல் போதும்" என்கிறார்கள். இன்னொருவர், முழுத் தொகையையும் கையில் கொடுத்தால் பெயில் நிச்சயம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்:

வக்கீலைத் தேட வேண்டியது நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல, வழக்கு நடக்கப்போகும் நீதிமன்றத்தில். எஃப்.ஐ.ஆர். போட்ட காவல் நிலையம் எந்தக் குற்றவியல் நடுவரின் எல்லைக்குள் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வளாகத்தில் தினமும் நின்று வாதாடுபவர்களில் ஒருவர்தான் உங்களுக்குத் தேவை. தலைநகரிலிருந்து பெரிய பெயர் ஒருவரைக் கூட்டிவந்தால், முதல் நாளைக்கு அவர் வருவார். அடுத்தடுத்த வாய்தாக்களுக்கு யாரோ ஒரு ஜூனியர் வந்து தேதி வாங்கிக்கொண்டு போவார். கிரிமினல் வழக்குகள் பெரும்பாலும் கெடுவது இப்படித்தான்.

வக்கீலைப் பார்க்கப் போகும் முன் எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கட்டும். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சில வகைகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. மாநிலக் காவல் துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், குற்ற எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம். நகலில் பிரிவு எண்களைப் பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 115(2), 118(1), 351(3) போன்ற காயம், மிரட்டல் பிரிவுகள் மட்டும் என்றால், விசாரணை நடுவர் நீதிமன்றத்தோடு முடியும். 109 சேர்ந்திருந்தால் அது கொலை முயற்சி, வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்திருந்தால் நிலைமையே வேறு: அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனுக்குத் தடை போடுகிறது. ஜாமீன் உத்தரவை எதிர்ப்பதற்கும் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். போக்சோ, போதைப்பொருள், ஊழல் தடுப்பு வழக்குகளும் தனி நீதிமன்றம், தனி விதிகள் கொண்டவை. பிரிவைப் பார்க்காமலேயே "ரெண்டு நாளில் எடுத்துடலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஆள் தேடல். வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்வதை இந்திய பார் கவுன்சில் விதி 36 தடை செய்கிறது. இணையதளம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, எந்த வகை வழக்குகள் நடத்துகிறார் என்ற அளவுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே "நம்பர் ஒன் பெயில் ஸ்பெஷலிஸ்ட்" என்று கூவும் பக்கங்களும் நட்சத்திர மதிப்பெண்களும் உங்களுக்கு உதவாது. நிலைய வாசலில், மருத்துவமனை வராந்தாவில், சிறை வாசலில் தானாக வந்து பேசுபவரும், காவலர் ஒருவர் "இவரைப் பாருங்க" என்று காட்டும் வக்கீலும் வேண்டவே வேண்டாம். கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் தரகர்களைத் தண்டிக்க வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023இல் தனிப் பிரிவே சேர்க்க வேண்டியிருந்தது என்றால், தொல்லை எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொத்து வழக்கு வக்கீலை ஒதுக்கிவிட வேண்டாம். வழக்கை நடத்தச் சொல்லாமல், அந்த மாவட்டத்தில் கிரிமினல் பக்கம் நன்றாகச் செய்பவர்கள் மூன்று பேர் பெயர் சொல்லுங்கள் என்று கேளுங்கள். சக வக்கீலின் திறமை வக்கீல்களுக்குத்தான் தெரியும். பெயர்கள் கிடைத்ததும் நீங்களே சரிபார்க்கலாம். இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுங்கள். வழக்கறிஞர் பெயரால் தேடும் வசதி அதில் உண்டு. நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வரிசை வரிசையாக ஓ.எஸ். என்று வந்தால் அவர் சிவில்காரர். சி.சி. என்றால் நடுவர் நீதிமன்ற வழக்கு, எஸ்.சி. என்றால் செஷன்ஸ் வழக்கு. கிரிமினல் எம்.பி. (ஜாமீன் போன்ற மனுக்கள்) மட்டும் குவிந்து கிடந்து, சி.சி., எஸ்.சி. அரிதாக இருந்தால் அவர் ஜாமீன் மனுக்களோடு நிற்பவர், விசாரணையை நடத்தி முடிக்கும் பழக்கம் குறைவு என்று ஊகிக்கலாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், எழுத்துக்கூட்டலும் மாறும். அதனால் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு, செலவில்லாதது. இந்தியாவில் நீதிமன்றம் பொதுவாகத் திறந்த நீதிமன்றம், யாரும் உள்ளே உட்காரலாம். அந்த வக்கீலுக்குச் சாட்சி விசாரணை இருக்கும் ஒரு நாளில் பின் பெஞ்சில் அமர்ந்து அவர் குறுக்கு விசாரணை செய்வதைப் பாருங்கள். குரல் உயர்த்துவதும் மேஜையைத் தட்டுவதும் கணக்கில் வராது. சாட்சி காவல் துறையிடம் முன்பு சொன்னதையும் இப்போது கூண்டில் சொல்வதையும் பக்கம் புரட்டி எதிரெதிரே வைக்கிறாரா? காயச் சான்றிதழில் எழுதியிருக்கும் நேரத்தையும் எஃப்.ஐ.ஆர். நேரத்தையும் இணைத்துக் கேட்கிறாரா? தேவையான பதில் வந்ததும் நிறுத்திக்கொள்கிறாரா, இல்லை ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டுச் சாட்சிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிடுகிறாரா? அடிதடி வழக்குகள் பலவும் இந்தச் சில நிமிடங்களில்தான் முடிவாகின்றன.

நேரில் சந்திக்கும்போது அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். கிரிமினல் பழக்கமுள்ளவர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்: சம்பவம் எத்தனை மணிக்கு, எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு? நம் தரப்பிலும் காயம் உண்டா, மருத்துவமனைப் பதிவு இருக்கிறதா? எதிர்ப் புகார் கொடுத்தீர்களா? தம்பி மீது பழைய வழக்கு உண்டா? எந்த எதிரி கையில் ஆயுதம் என்று எழுதியிருக்கிறது? (நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு "எதிரி" என்று பெயர், பதறாதீர்கள்.) நீங்கள் கேட்க வேண்டியவை குறைவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் யார் ஆஜராவார், சாட்சி விசாரணையை அவரே செய்வாரா, புகார்தாரருக்கு இதே விஷயத்தில் முன்பு ஆலோசனை சொல்லியிருக்கிறாரா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அவர் உங்களுக்கு ஆஜராகவே கூடாது.

புதுச் சட்டத்தில் எவ்வளவு புழங்குகிறார் என்பதும் பேச்சில் தெரிந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய சட்டத்தில் 482 என்றால் வழக்கையே ரத்து செய்யக் கோரும் மனு. புதியதில் 482 என்பது முன்ஜாமீன், ரத்து மனு 528க்குப் போய்விட்டது. வாய் தவறிப் பழைய எண் வருவது சகஜம், அதைப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனுவில் தவறாக எழுதினால்தான் சிக்கல்.

தம்பி இன்னும் கைதாகாததால் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள பிரிவுகள் மட்டும் என்றால், காவல் துறை இந்தப் புதுச் சட்டத்தின் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ்படி ஒழுங்காகப் போய்வரும்வரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்யக் கூடாது. பிரிவு கடுமையாக இருந்தாலோ கைது நிச்சயம் என்று தெரிந்தாலோ செஷன்ஸ் கோர்ட்டில் அல்லது உயர் நீதிமன்றத்தில் முன்ஜாமீன். "கொஞ்ச நாள் ஆள் தலைமறைவாக இருக்கட்டும்" என்று யோசனை சொல்பவர், பின்னால் ஜாமீன் மறுக்க அரசுத் தரப்புக்குக் காரணம் செய்து கொடுக்கிறார். கைதானால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. காவல் துறை விசாரிக்கும்போது வக்கீலைச் சந்திக்க அதே சட்டத்தின் 38ஆம் பிரிவில் உரிமை உண்டு, ஆனால் அந்த விசாரணை முழுவதும் அவர் கூடவே உட்கார முடியாது. விடுமுறை நாளில் ரிமாண்டு நடுவரின் வீட்டில்கூட நடக்கும், அதனால் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போனை எடுக்கிற வக்கீலா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

நாள் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள் தாக்கலாகாவிட்டால், சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றங்களுக்கு, காயம் ஏற்படுத்திய கொலை முயற்சியும் இதில் அடக்கம், 90 நாள். ரிமாண்டு செய்த நாளும் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாக்கிவிட்டது. 60 நாள் வழக்கில் மார்ச் 1 அன்று ரிமாண்டு என்றால் ஏப்ரல் 29 அறுபதாம் நாள். ஏப்ரல் 30 காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். "திங்கட்கிழமை போட்டுக்கலாம்" என்று விட்டால், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிடும், உரிமை போய்விடும். இந்தத் தேதியை டைரியில் குறித்து வைக்கிற குமாஸ்தா இருக்கும் அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நால்வருக்கும் ஒரே வக்கீல் என்ற யோசனை ஜாமீன் மனு வரை பெரும்பாலும் ஒத்துவரும், செலவும் குறையும். அதற்குப் பிறகு ஆபத்து. "நான் அங்கே இருந்தேன், அடித்தது இரண்டாம் எதிரி" என்பதுதான் உங்கள் தம்பியின் நிலை என்றால், இரண்டாம் எதிரிக்கும் வக்காலத்துப் போட்டவர் அந்த வாதத்தை எப்படி எடுப்பார்? நால்வரில் ஒருவர் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறினால் எல்லாம் சிக்கிக்கொள்ளும். மற்றவர்களின் நலனும் தம்பியின் நலனும் எங்கே பிரியக்கூடும் என்று அவரிடமே கேளுங்கள். "அப்படியெல்லாம் வராது" என்று கடந்துபோனால் தம்பிக்குத் தனி வக்கீல் வையுங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒருவர் பணம் கொடுப்பதாக இருந்தால் அவருடைய சொல்தான் எடுபடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பணம். பெயில் "நிச்சயம்" என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது. ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவோடு கட்டணத்தைக் கட்டுவதை பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: முன்ஜாமீன் அல்லது ஜாமீன் தனி, விசாரணை தனி, உயர் நீதிமன்றம் போனால் தனி. விசாரணைக்கு மொத்தத் தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா, நகல் மனுச் செலவும் குமாஸ்தா பணமும் யார் கணக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், ரசீதும் வேண்டும். "உள்ளே கொடுக்க வேண்டியிருக்கு" என்று நீதிபதி பேரையோ பி.பி. (அரசு வக்கீல்) பேரையோ சொல்லிக் கேட்டால் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். தருவதும் குற்றம், பெரும்பாலும் அந்தப் பணம் கேட்டவர் பாக்கெட்டைத் தாண்டுவதே இல்லை. ஜாமீன்தாரராகத் தானே நிற்பதாக வக்கீல் சொன்னால் அதுவும் விதிமீறல்தான்.

கட்ட வழியில்லை என்றால், அல்லது அவசரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தேசிய உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் மட்டுமல்ல, காவலில் இருப்பவர் எவரும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் பெறலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. தம்பி கைதானால் அந்த நிமிடமே அவருக்குத் தகுதி வந்துவிடும். இலவசம் என்றால் தரம் குறைவு என்ற எண்ணம் பழையது. 2022 முதல் பல மாவட்டங்களில் இதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள், இவர்கள் கிரிமினல் வழக்கு மட்டுமே நடத்துபவர்கள்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது குற்ற எண், நீதிமன்றம், வக்கீல் பெயர் நிரப்பப்பட்டிருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து எதற்கும் வேண்டாம். குற்றப்பத்திரிகை நகல் தொகுதி கிடைத்ததும் முழுக்க ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். இடையில் வக்கீலை மாற்ற நேர்ந்தால், பழையவரிடம் மறுப்பில்லை என்று எழுதி வாங்கிப் புதிய வக்காலத்துத் தாக்கல் செய்வது வழக்கம். கட்டணப் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை, உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. வழக்கிலிருந்து அவராகவே விலகினால் செய்யாத வேலைக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, வக்கீல் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. நடத்தைப் புகாரை அவர் பதிவு செய்திருக்கும் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதுங்கள். அப்போது பதிவு எண்ணும் அந்த ரசீதும் கையில் இருக்க வேண்டும்.